நோட்டில் இருக்கும் கப்பல் டேட்டில் ஏன் இல்லை? கண்காட்சி என்றால் என்ன என்று முதலிலிருந்து

சித்தப்பா லண்டன் வந்திருந்தபோது கையில் ஒரு இருபது பவுண்டு நோட்டை நீட்டி, "இந்தப் படத்தைப் பார்க்கணும்ப்பா" என்றார். 2020 பிப்ரவரியில் வந்த பிளாஸ்டிக் நோட்டு அது. ஓவியர் டர்னரின் இளவயது முகம், பின்னால் அவர் வரைந்த பழைய போர்க்கப்பல் டெமரேர். டர்னர் படங்கள் டேட் பிரிட்டன் என்ற கலைக்காட்சியகத்தில் இருக்கின்றன என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும், அதனால் யோசிக்காமல் பிம்லிகோ ஸ்டேஷனில் இறங்கி அவரைக் கூட்டிப்போனேன். முகம் அங்கே இருந்தது. கப்பலைக் காணோம்.

கப்பல் டிரஃபால்கர் சதுக்கத்தில், நேஷனல் கேலரியில் தொங்குகிறது. கொஞ்சம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அன்று சித்தப்பா கேட்ட கேள்விகளை யோசித்துப் பார்த்தபோதுதான், "கேலரி", "கண்காட்சி", "பிரிட்டிஷ் கலை" என்ற மூன்று சொற்களையும் நாம் எவ்வளவு தளர்வாகப் புழங்குகிறோம் என்று உறைத்தது. டேட்டுக்குப் போனேன், கண்காட்சி பார்த்தேன் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. சரி, முதலிலிருந்து வருவோம்.

## கொலுவும் பரணும்

நவராத்திரி கொலுவை நினைத்துக்கொள்ளுங்கள். பரணில் பெட்டி பெட்டியாகப் பொம்மைகள் இருக்கும். பாட்டி காலத்து மரப்பாச்சி, அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த செட்டியார் பொம்மை, போன வருஷம் வாங்கிய கிரிக்கெட் செட். ஒன்பது நாளைக்கு அவற்றில் சிலவற்றை இறக்கி, இந்தப் படியில் தசாவதாரம், அந்தப் படியில் கல்யாண ஊர்வலம் என்று ஒரு கதை தெரியும்படி அடுக்குகிறோம். குறைகிற பொம்மையை எதிர் வீட்டில் கேட்டு வாங்குகிறோம். பத்தாம் நாள் எல்லாம் திரும்பப் பெட்டிக்குள். அடுத்த வருஷம் அதே பொம்மைகள் வேறு வரிசையில் வரும், சில வராமலே போகும்.

பரணில் இருப்பது சேகரிப்பு: அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான, அது காலத்துக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட படைப்புகள். கொலுதான் கண்காட்சி: ஏதோ ஒரு கருத்தைச் சொல்வதற்காக, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும், சொந்தத்தையும் இரவலையும் கலந்து அடுக்குவது. எதை இறக்குவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்கிறவர் காப்பாட்சியர். எங்கள் வீட்டில் அது பாட்டி. அவர் முடிவை யாரும் மாற்ற முடியாது.

பரணே இல்லாத வீடுகளும் உண்டு. கிழக்கு லண்டனில் 1901-ல் திறந்த வைட்சேப்பல் கேலரி பெரிய நிரந்தரச் சேகரிப்பு எதையும் வைத்துக்கொள்ளாமலே பேர் வாங்கியது. 1956-ல் அங்கே நடந்த ஒரு கண்காட்சியை, விளம்பரம், சினிமா போன்றவற்றிலிருந்து எடுத்தாளும் பிரிட்டிஷ் பாப் கலையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். அடுத்து, லண்டனின் மேஃபேர் தெருக்களில் கண்ணாடிக் கதவு போட்ட "கேலரிகள்" இருக்கின்றனவே, அவை பெரும்பாலும் கடைகள். படம் விற்பனைக்கு. உள்ளே போய்ப் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள், விலை கேட்கத்தான் நமக்குத் தைரியம் வராது.

ஆக, கேலரி என்பது கட்டடத்தின் பெயர். சேகரிப்பு அங்கேயே தங்குவது, கண்காட்சி வந்து போவது. சேகரிப்பில் இருக்கும் எல்லாமும் எப்போதும் சுவரில் இருக்காது.

## ஒரு நோட்டு, இரண்டு கட்டடம்

கப்பல் கதைக்கு வருகிறேன். டர்னர் 1851-ல் இறந்தார். தன் கையில் மிச்சமிருந்த படங்களை நாட்டுக்கு விட்டுச்சென்றார். சுமார் 300 எண்ணெய் வண்ண ஓவியங்கள், 30,000-க்கும் மேற்பட்ட நீர்வண்ணங்களும் கோட்டுப்படங்களும். இப்படி உயில் வழியாக வருவதை உயில் கொடை என்போம். அப்போது டேட் என்ற ஒன்றே கிடையாது, அதனால் எல்லாம் நேஷனல் கேலரிக்குப் போனது.

சர்க்கரை வியாபாரத்தில் பணக்காரரான ஹென்றி டேட், தன்னிடமிருந்த 65 பிரிட்டிஷ் ஓவியங்களைக் கொடுத்து, கட்டடத்துக்கும் பணம் கொடுத்தார். மில்பேங்க் என்ற இடத்தில் பழைய சிறைச்சாலை இருந்த மண்ணில் 1897-ல் அது திறந்தது. பிரிட்டிஷ் கலைக்கான தேசியக் காட்சியகம் என்றுதான் அதற்குப் பெயர். நேஷனல் கேலரியின் கிளை மாதிரி. பிற்பாடு டர்னரின் கொடையில் பெரும் பகுதி அங்கே நகர்ந்தது, ஆனால் கப்பல் உட்பட பெயர்பெற்ற சில ஓவியங்கள் டிரஃபால்கர் சதுக்கத்திலேயே தங்கிவிட்டன. அவற்றில் இரண்டை அங்கே க்ளோட் என்ற பழைய ஓவியரின் படங்களுக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும் என்று டர்னரே உயிலில் எழுதியிருந்தார். இன்றும் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். செத்த பிறகும் போட்டியை விடாத மனுஷன்.

2000-ல் தேம்ஸ் கரையின் பழைய மின்நிலையத்தில் டேட் மாடர்ன் திறந்தபோது, மில்பேங்க் கட்டடத்துக்கு டேட் பிரிட்டன் என்று பெயர் வைத்தார்கள். 1500-லிருந்து இன்றுவரையான பிரிட்டிஷ் கலை அதன் பொறுப்பு.

## இரவல் நகை மாதிரி

போட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. 1832-ல், ஓவியர்களே சேர்ந்து நடத்தும் ராயல் அகாடமி என்ற அமைப்பின் கண்காட்சியில் டர்னரின் ஒரு கடல் படமும் ஜான் கான்ஸ்டபிள் என்ற ஓவியர் வரைந்த வாட்டர்லூ பாலத் திறப்பு விழாப் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்பட்டன. திறப்புக்கு முன்னால் ஓவியர்கள் உள்ளே வந்து, சுவரில் மாட்டிய தங்கள் படத்தில் கடைசித் திருத்தம் செய்துகொள்ளலாம். இதற்கு வார்னிஷ் நாள் என்று பெயர். கான்ஸ்டபிள் படகுகளின் கொடிகளுக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருக்கிறார். டர்னர் வந்து பின்னால் நின்று, அதையும் தன்னுடைய சாம்பல் நிறக் கடலையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு தன் கடலின் நடுவில் ஒரு ஷில்லிங் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். பக்கத்துப் படத்தின் மொத்தச் சிவப்பும் அந்த ஒரு பொட்டின் முன்னால் சோர்ந்துபோனது. "இங்கே வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார்" என்றாராம் கான்ஸ்டபிள். ஒன்றரை நாள் கழித்து டர்னர் திரும்பி வந்து அந்தப் பொட்டை ஒரு மிதவையாக மாற்றினார்.

இன்று கான்ஸ்டபிளின் படம் டேட்டில் இருக்கிறது. டர்னரின் படமோ டோக்கியோவில் ஃபுஜி கலை அருங்காட்சியகத்தில். இரண்டையும் மறுபடி பக்கத்தில் வைத்தால்தானே அந்தச் சுட்ட சத்தம் கேட்கும்? 2009-ல் டேட் பிரிட்டனில் ஒரு கண்காட்சிக்காக வைத்தார்கள். 2019-ல் ராயல் அகாடமியே வைத்தது. டோக்கியோ படம் அதற்காக இரவலில் வந்தது. கண்காட்சி என்ற ஏற்பாட்டின் தேவையே எனக்கு இந்தக் கதையில்தான் புரிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத ஒன்று, சேர்த்து வைத்தால் தெரிகிறது.

இரவல் என்றாலே பயம்தான். கல்யாணத்துக்கு அத்தையிடம் வாங்கிய காசுமாலையைத் திருப்பிக் கொடுக்கும்வரை அம்மாவுக்குத் தூக்கம் வராது. ஓவியத்துக்கும் அதே கதை. கிளம்பும்போது ஒரு முறை, வந்து சேர்ந்ததும் ஒரு முறை, ஓவியத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்து எங்கே விரிசல், எங்கே கீறல் என்று எழுதிவைக்கிறார்கள். இது நிலை அறிக்கை. வாடகைக் காரை எடுக்கும்போது சுற்றிலும் போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, அதே புத்தி. பெட்டியை அந்தந்தப் படத்தின் அளவுக்கே செய்கிறார்கள். விலை உயர்ந்த படம் என்றால் கொடுத்தவரின் ஆளே கூடப் பயணம் செய்வார்.

தொலைந்தால், கிழிந்தால் யார் கொடுப்பது? பல கோடிப் படங்களுக்கு தனியார் காப்பீடு எடுத்தால் தவணையிலேயே கேலரி திவாலாகிவிடும். அதனால் பிரிட்டனில் அரசு ஈட்டுறுதித் திட்டம் ஒன்று இருக்கிறது. 1980-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டத்தின்படி, இரவல் வந்த படைப்புக்குச் சேதம் வந்தால் இழப்பை அரசே ஈடுகட்டும். பதிலுக்குப் பாதுகாப்பு, ஈரப்பதம், வெளிச்சம் எல்லாம் அரசு சொல்கிற தரத்தில் இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், ஊர்ப் பெரிய மனிதர் ஜாமீன் நிற்பது. பத்திரிகைகளில் யாரும் இதைப் பற்றி எழுதுவதில்லை, ஆனால் இது இல்லாவிட்டால் பல பெரிய கண்காட்சிகள் பேச்சளவிலேயே நின்றிருக்கும்.

சுருக்கமாக: ஒரு கண்காட்சியின் பாதி வேலை கேட்டு வாங்குவது, மீதிப் பாதி பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது. நீங்கள் தேடிப்போன படம் சுவரில் இல்லையென்றால், அது இப்போது வேறொருவர் வீட்டுக் கொலுவில் இருக்கலாம்.

## எடின்பரோவில் ஜனவரி மாதம் மட்டும்

படம் சுவரில் இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெளிச்சம். மொட்டைமாடியில் வருஷக்கணக்கில் காய்ந்த சேலையின் மடிப்புக்குள் மட்டும் பழைய நிறம் இருக்குமே, அது போல. காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்தை வெளிச்சம் மெல்ல மெல்லத் தின்கிறது, தின்றது திரும்பி வராது. ஒருநாள் பட்ட வெளிச்சமும் அடுத்த நாள் பட்டதும் கூடிக்கொண்டே போகும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். காகிதப் படைப்புகளுக்கு வழக்கமாக 50 லக்ஸ் வரைதான் வைப்பார்கள், அதனால்தான் அந்த அறைகள் கரண்ட் போன வீடு மாதிரி மங்கலாக இருக்கும். அப்படி வைத்தும், கொஞ்ச நாள் காட்டியதும் இறக்கி இருட்டில் வைத்துவிடுவார்கள்.

ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புரிந்துகொண்டவர். அவர் உயில் வழியாக 1900-ல் டர்னரின் 38 நீர்வண்ணங்கள் எடின்பரோவுக்கு வந்தன. ஒரே நிபந்தனை: எல்லாவற்றையும் சேர்த்து, இலவசமாக, ஜனவரி மாதத்தில் மட்டும் காட்ட வேண்டும். ஏன் ஜனவரி? ஸ்காட்லாந்தில் அந்த மாதம் சூரியன் பேருக்குத்தான் வரும், வெளிச்சம் மிகக் குறைவு. அன்றிலிருந்து "ஜனவரி டர்னர்" என்பது அந்த ஊரின் வருடாந்தர விழா மாதிரி ஆகிவிட்டது. புத்தாண்டுக் கூத்தெல்லாம் முடிந்து, நாலு மணிக்கே இருட்டும் குளிரில், கோட்டைக் கழற்றியும் கழற்றாமலும் மக்கள் அந்த மங்கலான அறைக்கு வருகிறார்கள். வான் டப்ளினுக்கும் இதேபோல ஒரு தொகுப்பு கொடுத்திருந்தார். டர்னர் பிறந்து 250 ஆண்டு ஆன 2025-ல் இரண்டு ஊர்களும் தங்கள் தொகுப்பை மாற்றிக்கொண்டன. எடின்பரோக்காரர்கள் அந்த ஜனவரியில் டப்ளின் படங்களைப் பார்த்தார்கள்.

இருபது பவுண்டு நோட்டில் பொடி எழுத்தில் டர்னரின் வாசகம் ஒன்று அச்சாகியிருக்கிறது: ஆகவே ஒளியே நிறம். அவர் சொன்ன அந்த ஒளிதான் அவருடைய நிறத்தை அழிக்கிறது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப போட்டோ எடுத்து வச்சிக்க வேண்டியதுதானே" என்றார்.

## இலவசம் என்கிறார்கள், அப்புறம் டிக்கெட் கேட்கிறார்கள்

பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க 2001 டிசம்பரிலிருந்து பொதுவாகக் கட்டணம் இல்லை. டேட் அதற்கு முன்னாலும் பெரும்பாலும் இலவசம்தான். 1974-ல் சில மாதம் மட்டும் அரசு கட்டணம் போட்டுப் பார்த்தது, நிலைக்கவில்லை. சேகரிப்பு பொதுச்சொத்து, அதைப் பார்க்க எதற்குக் காசு என்பது வாதம். கண்காட்சிக்கோ பெட்டி, விமானம், காவல், கூட வரும் ஆள் என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது, அதனால் டிக்கெட். ஒரே கட்டடத்தில் ஒரு கதவு இலவசமாகவும் அடுத்த கதவு காசுக்கும் இருப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

ஆனால் கட்டணத்துக்கு எப்போதும் செலவு மட்டுமே காரணமாக இருந்ததில்லை. 1760-ல் லண்டன் ஓவியர்கள் சேர்ந்து ஒரு பொதுக் கண்காட்சி வைத்தபோது உள்ளே வர இலவசம், ஊரே திரண்டு வந்து நெரிசல். ராயல் அகாடமி 1769-ல் தன் முதல் கண்காட்சியை வைத்தபோது ஒரு ஷில்லிங் கட்டணம் போட்டது. கண்ட ஆட்கள் அறையை நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக வேறு வழியில்லாமல் காசு வாங்குகிறோம் என்று தன் கையேட்டிலேயே வெளிப்படையாக அச்சடித்தும் வைத்தது.

## யார் பிரிட்டிஷ்?

இதில்தான் குழப்பம் அதிகம். பிரிட்டிஷ் கலை என்றால் வெள்ளைக்கார ஓவியர்களின் கலை, அதுவும் குதிரை, நாய், பிரபுக்கள், புல்வெளி என்று பலர் நினைக்கிறார்கள். ராயல் அகாடமியைத் தொடங்கியவர்களில் ஏஞ்சலிகா காஃப்மன் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அதன் இரண்டாவது தலைவர் பெஞ்சமின் வெஸ்ட் அமெரிக்காவில் பிறந்தவர். பிறந்த இடம் அன்றைக்கே பெரிய விஷயமாக இருக்கவில்லை. எங்கே வேலை செய்தார்கள், எந்த ஊர்க் கலைப் பேச்சில் கலந்துகொண்டார்கள் என்பதுதான் கணக்கு.

டர்னர் பரிசைப் பாருங்கள். சமகாலக் கலைக்காக 1984-ல் டேட் தொடங்கிய பரிசு அது. பெயரைக் கேட்டு, டர்னர் மாதிரி கடல் வரைகிறவர்களுக்கான பரிசு என்று நினைத்துப் போனால் திகைப்புதான். 2001-ல் வென்ற மார்ட்டின் கிரீட் காட்டியது ஒரு காலி அறை, ஐந்து விநாடிக்கு ஒரு முறை விளக்கு எரியும், அணையும். பெயர் மட்டும்தான் டர்னருடையது. நடுவர் குழு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும் (இதைக் குறும்பட்டியல் என்பார்கள்), நான்கு பேரின் படைப்புகளையும் ஒரு கண்காட்சியாக வைப்பார்கள், அது நடக்கும்போதே வென்றவரை அறிவிப்பார்கள். பிரிட்டனில் பிறந்தவராகவோ பிரிட்டனில் வேலை செய்கிறவராகவோ இருக்க வேண்டும், அவ்வளவே. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் 1991-ல் வென்றார். 2000-ல் ஜெர்மானியரான வுல்ஃப்காங் டில்மன்ஸ். ஐம்பது வயது வரம்பை நீக்கிய 2017-லேயே சான்சிபாரில் பிறந்த லுபைனா ஹிமித் 63 வயதில் வாங்கினார். 2024-ல் கிளாஸ்கோவில் பிறந்த சீக்கியப் பெண் ஜஸ்லீன் கவுர், ஒரு பழைய ஃபோர்டு காரின் மேல் பிரம்மாண்டமான குரோஷே விரிப்பைப் போர்த்திக் காட்டினார். நம் அத்தைகள் டிவி மேல் போட்டு வைப்பார்களே, அதேதான்.

நம்மவர்களும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். ஈழத்திலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பத்தில் வந்த கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸ், 2022-ல் லண்டனில் ஐசிஏ என்ற சமகாலக் கலை மையத்தில் வைத்த கண்காட்சி ஈழத்தையே மையமாகக் கொண்டது. அதுவும் பிரிட்டிஷ் கலைதான்.

ஆக: பிரிட்டிஷ் கலை என்பது பிறப்புச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்வதல்ல. டர்னர் பரிசு டர்னரின் பாணிக்கான பரிசும் அல்ல.

## சுண்டல் பகுதி

கொலு பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் சுண்டலுக்காகப் போகிறார்கள், இதை ஒத்துக்கொள்வதில் தப்பில்லை. கேலரிகளும் இதைக் கண்டுகொண்டன. வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சில நாட்கள் இரவு வரை திறந்து வைத்து, இசை, பேச்சு, கைவேலைப் பயிற்சி என்று நடத்துகிறார்கள். "லேட்ஸ்" என்று பெயர். டேட் பிரிட்டனிலும் உண்டு. படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் முதல்முறை போவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை, யாரும் உங்களை உற்றுப் பார்க்க மாட்டார்கள். பிரைவேட் வியூ என்பது வேறு, அது திறப்புக்கு முந்திய அழைப்பாளர் மாலை, நமக்கு அழைப்பு வராது.

எனக்குப் பிடித்தது 2020 நவம்பர். ஊரடங்கு, கேலரிக்குள் போக முடியாது. பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த லிவர்பூல்காரர் சிலா குமாரி பர்மன், டேட் பிரிட்டனின் முகப்பு முழுவதையும் தீபாவளிக்கு நியான் விளக்குகளால் மூடினார். சாமிகளோடு, அவருடைய அப்பா ஓட்டிய ஐஸ்கிரீம் வண்டியின் நினைவும் அதில் இருந்தது. டிக்கெட்டும் வேண்டாம், கதவும் வேண்டாம், ரோட்டில் நின்று பார்க்கலாம்.

## யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்

கடைசியாக ஒன்று, இது மேலே சொன்ன எதிலும் சரியாக அடங்காது. ராயல் அகாடமியின் சம்மர் எக்சிபிஷன். 1769-லிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் நடக்கிறது. 2020-ல்கூடத் தள்ளிப்போய் இலையுதிர் காலத்தில் நடந்தது. இங்கே இரவலும் இல்லை, பரணும் இல்லை. யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தங்கள் படைப்பின் படத்தை அனுப்பலாம். ஆயிரக்கணக்கில் வருவதிலிருந்து ஓவியர்களே அடங்கிய குழு ஒன்று தேர்ந்தெடுத்து, சுவரில் கீழிருந்து கூரை வரை நெருக்கி மாட்டும். பெரும்பாலானவை விற்பனைக்கு. படத்தின் ஃப்ரேமுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம். அகாடமி தன் பங்கை எடுத்துக்கொள்ளும், அந்த வருமானம் அதன் ஓவியப் பள்ளிக்கும் உதவுகிறது, அங்கே மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

புகழ்பெற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்றும் இல்லை. 2018-ல், முகம் காட்டாத தெரு ஓவியர் பேங்க்ஸி வேறொரு புனைபெயரில் ஒரு படம் அனுப்பியதாகவும் அதை நிராகரித்துவிட்டதாகவும் அவரே சொன்னார். பிறகு அந்த வருஷத்தை ஒருங்கிணைத்த கலைஞர் கிரேசன் பெர்ரி அவரிடமே ஏதாவது தரச் சொல்லிக் கேட்க, கொஞ்சம் மாற்றி அதே படத்தைத் திரும்ப அனுப்பினாராம். இந்த முறை சுவரில் ஏறியது.

இதைக் கேட்டதும் சித்தப்பா நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நம்ம தெருவுல ஒரு பையன் நல்லா வரைவான், அவனை அனுப்பச் சொல்லவா?" என்றார்.

"தாராளமா சொல்லுங்க சித்தப்பா. ஆனா எடுக்கலேன்னா அந்தப் பணம் திரும்ப வராது, அதையும் இப்பவே சொல்லிடுங்க."